பெரிதாக்கினாலும் வளராத கோணம்

வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: “என் உடல் பருமனானது. திருமணத்துக்கு வெள்ளை கவுன் வேண்டாம், மயில்நீலமும் மஞ்சளும் அடர் இளஞ்சிவப்பும் கலந்து ஒன்று தைத்துக்கொள்ள ஆசை. பிடித்த பேட்டர்ன் (துணி வெட்டுவதற்கான மாதிரித் தாள்) என் அளவைவிட நான்கு சைஸ் சிறியது. அதை ஜெராக்ஸில் பெரிதாக்கி வெட்டினால் என்ன என்று கேட்டேன். தையல்காரர் சிரிக்கிறார், காரணம் சொல்ல மாட்டேன் என்கிறார்.”

சிரித்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அவருடைய கைக்குத் தெரிந்திருக்கும் காரணம் சரியானதுதான். அதை வாயால் சொல்ல வராததற்காக அவரைக் குறைசொல்லவும் முடியாது. வளைந்த பரப்புகளைப் பற்றி ஜெர்மன் கணிதமேதை கார்ல் கவுஸ் 1827இல் எழுதிய பிறகுதான் கணிதக்காரர்களுக்கே அது தெளிவானது.

தாளை உருளையாகச் சுருட்டலாம், கூம்பாக மடிக்கலாம். பந்தின்மேல் ஒட்டப் போனால் சுருக்கம் விழும். பந்தின்மேல் ஒரு புள்ளியைச் சுற்றி வட்டம் வரைந்து சுற்றளவை அளந்தால், பள்ளியில் படித்த 2πr கிடைக்காது, அதைவிடக் குறையும். தட்டையான துணியிலோ முழு 2πr இருக்கிறது. அந்த உபரியைத் துணி சுருக்கமாக வெளியே காட்டுகிறது. தையல்காரர் அதையே முக்கோணமாகக் கிள்ளிப் பிடித்துத் தைத்துவிட்டால் அதற்கு டாட் என்று பெயர்.

இப்போது ஒரு தாளும் கத்தரிக்கோலும் எடுத்துக்கொள்ளுங்கள். 10 செ.மீ. ஆரத்தில் வட்டம் வெட்டுங்கள். அதிலிருந்து 72 பாகைக்கு ஒரு துண்டை நீக்கி, வெட்டிய விளிம்புகளை ஒட்டுங்கள். 360இல் 72 என்பது ஐந்தில் ஒரு பங்கு. சுற்றளவில் அவ்வளவு போய்விட்டதால், கூம்பின் அடிவட்ட ஆரம் 8 செ.மீ. ஆகிறது. சாய்வு நீளம் பழைய 10தான். உயரத்தை பிதாகரஸிடம் கேட்டால் 6 என்பார். ஆறு, எட்டு, பத்து! ஒரு ரவிக்கையின் டாட்டுக்குள் இப்படியொரு முழு எண் முக்கோணம் ஒளிந்துகிடப்பதை எத்தனை முறை செய்து பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. 72க்குப் பதில் 36 பாகையை நீக்கியிருந்தால் உயரம் சுமார் 4.4 செ.மீ. வந்திருக்கும்.

அடுத்து, அதே 72 பாகை வெட்டை ஜெராக்ஸில் 120 சதவீதமாக்குங்கள். ஆரம் 12 ஆகும், கூம்பின் உயரம் 7.2 ஆகும். நீக்கிய துண்டின் கோணம் மட்டும் அதே 72. சரிவும் அதே சரிவு. பெரிதாக்கும் எந்த இயந்திரமும் நீளத்தைத்தான் வளர்க்கும், கோணத்தைத் தொடாது. உடல் அப்படியா பருக்கிறது? மார்பும் வயிறும் முன்னே வருகின்றன. தோளெலும்பின் நீளம் அப்படியே இருக்கிறது, கழுத்தும் கொஞ்சம்தான் மாறுகிறது. ஆகவே ஜெராக்ஸ் கவுன் தோளில் நழுவும், கழுத்தில் தொளதொளக்கும், மார்பில் மட்டும் இறுக்கும். அங்கே வேண்டியிருந்தது கூடுதல் கோணம்.

இது நடப்பதை நேரில் பார்த்திருக்கிறேன். நான் அக்கா என்றழைக்கும் தையல்கலைஞர் ஒருவர், அசல் பட்டைத் தொடுவதற்குமுன் காடாத் துணியில் மாதிரி உடை தைப்பார். ஒரு மணப்பெண் அதை அணிந்து நின்றபோது, விலாப் பக்கத்திலிருந்து மார்பின் உச்சியை நோக்கி மூன்று சுருக்கங்கள் ஓடின. “மூச்சைப் பிடிக்காதேம்மா, இயல்பாக நில்” என்று சொல்லிவிட்டு, நடுச் சுருக்கத்தின் மேலேயே கத்தரிக்கோலை ஓட்டினார். துணி தானாக விரிந்து வாய் திறந்தது. சுருக்கங்கள் மறைந்தன. திறந்த இடத்துக்கு அடியில் ஒரு ஒட்டுத்துணியை வைத்துக் குண்டூசி குத்தினார், இஞ்ச் டேப்பைப் போட்டார்: வெட்டின் நீளம் 18 செ.மீ., வாயின் அகலம் நாலரை. நான் மனத்துக்குள் வகுத்துப் பார்த்தேன். ஏறத்தாழ 14 பாகை. பேட்டர்னில் இல்லாமல்போன கோணம் அது. அக்காவுக்குப் பாகைக் கணக்கு தேவைப்படவில்லை.

அந்தக் கோணத்தை விலாவிலேயே வைத்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. பேட்டர்ன் தாளில் தோளிலிருந்து உச்சிவரை ஒரு கீறல் போட்டு, விலா டாட்டை மூடினால், தோளில் அதே கோணம் திறக்கும். அக்குளுக்கு நகர்த்தலாம், இடுப்புக்கு நகர்த்தலாம், இரண்டாகப் பங்கிடலாம். வாயின் அகலம் இடத்துக்கு இடம் மாறும், உச்சியைச் சுற்றிய கோணங்களின் கூட்டுத்தொகை மாறாது. ஆற்றல் அழியா விதியைப் படித்தபோது வந்த அதே மகிழ்ச்சி எனக்கு இதிலும் உண்டு.

பங்கிட்டே ஆக வேண்டிய நிலை பெரிய உடலில் வருகிறது. பெரிய கோணம் முழுவதையும் ஒரே டாட்டில் அடைத்தால் அதன் நுனி கூம்பு முனைபோலத் துருத்திக்கொண்டு நிற்கும். தோளிலிருந்து ஒரு டாட், இடுப்பிலிருந்து ஒரு டாட் எனப் பிரித்து, இரண்டையும் உச்சிக்கு அருகே வளைவாக இணைத்துவிட்டால் துணி அங்கே இரு துண்டுகளாகப் பிரிகிறது. இதுதான் பிரின்சஸ் கட். முன்புறம் நடுத்துண்டு, பக்கத்துண்டுகள், பின்புறமும் அப்படியே. வளைவைச் சிறிது சிறிதாகப் பல தையல்கள் பகிர்ந்துகொள்கின்றன.

வாசகி கேட்காமலே அவருடைய வண்ண ஆசைக்கு இங்கே வழி திறக்கிறது. தையல் இருக்கும் இடமெல்லாம் வண்ணம் மாறலாம். சிறிய உடலுக்கான மேல்பாகம் இரண்டு டாட்டுகளுடன் ஒரே துணியில் முடிந்துவிடும். அதில் நிறம் மாற்ற வேண்டுமென்றால் வீணாக ஒரு தையல் போட வேண்டும். இப்படி ஆறு துண்டுகள் தேவைப்படும் கவுனில் ஆறு நிறங்களுக்கு வடிவியலே இடம் ஒதுக்கிவிட்டது. இடுப்பிலிருந்து கீழே விரியும் இடம் குதிரைச் சேணத்தின் வளைவு. அங்கே சுற்றளவு 2πr-ஐவிட அதிகம், துணி போதாது. ஆகவே நீக்குவதற்குப் பதிலாக முக்கோணத் துண்டுகளைச் செருக வேண்டும். அவையும் வேறு நிறத்தில் இருக்கட்டும், நடக்கும்போது பளிச்சென்று தெரிந்து மறையும்.

துணிக்குத் தாளைவிட ஒரு சலுகை கூடுதலாக உண்டு. பாவிலும் ஊடையிலும், அதாவது நீள நூலின் திசையிலும் குறுக்கு நூலின் திசையிலும், அது அதிகம் நீளாது, மூலைவாட்டில் இழுத்தால் நெசவின் சதுரக் கண்கள் சாய்சதுரங்களாகச் சாய்ந்து கொடுக்கும். கிராஸாக வெட்டிய துணி உடலோடு ஒட்டி வழிவது இதனால்தான். ரஷ்யக் கணித அறிஞர் செபிஷெவ் 1878இல் பாரிஸில் ஆடை வெட்டுவதைப் பற்றியே ஓர் உரை நிகழ்த்தினார். ‘எளிமைக்காக மனித உடலைக் கோளமாகக் கொள்வோம்’ என்று அவர் தொடங்க, வந்திருந்த தையல்காரர்கள் எழுந்து போய்விட்டார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. கட்டுக்கதைதான், ஆனால் கணிதக்காரர்களை அறிந்தவர்கள் உடனே நம்பிவிடுவார்கள்.

‘பருமனானவர் குறுக்குக் கோடு போடக் கூடாது, பளிச் நிறம் கூடாது’ என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். எனக்கு இது ராகுகாலத்தோடு சேர்த்துக் கட்டிவைக்க வேண்டிய சரக்கு. குறுக்குக் கோடுகள் நிரப்பிய சதுரம் உயரமாகவும் ஒடுக்கமாகவும் தோன்றுகிறது என்பதை ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1867இலேயே குறித்துவைத்தார். பிரிட்டனின் யார்க் பல்கலைக்கழகத்தில் பெண் உருவங்களைக் கொண்டு சோதித்து 2011இல் வெளியிட்ட ஆய்விலும் குறுக்குக் கோடு பருமனைக் கூட்டிக் காட்டவில்லை. வெள்ளையும் ஆதிகாலத்து விதி கிடையாது. 1840இல் விக்டோரியா ராணி வெள்ளையில் மணமுடித்த பிறகு பரவிய மோஸ்தர் அது.

மூடநம்பிக்கையைவிட எனக்கு எரிச்சல் தருவது தரவுப் பஞ்சம். அமெரிக்க வேளாண் துறை சுமார் 15,000 பெண்களிடம் தலா 59 அளவுகள் எடுத்து 1941இல் வெளியிட்டது. அதிலும் வெள்ளையினப் பெண்களின் அளவுகள் மட்டுமே கணக்கில் சேர்ந்தன. 1958இல் அந்நாட்டில் வந்த சைஸ் தரநிலைக்கு அதுவே அடித்தளம். விமான இறக்கையின் வளைவுக்குக் கொடுக்கும் ஆராய்ச்சிப் பணத்தில் ஒரு துளியை மனித உடலின் வளைவுக்கும் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

சாயங்களுக்குத் தனிக் கட்டுரையே வேண்டும், இப்போதைக்கு ஓர் எச்சரிக்கை. கடையின் டியூப் லைட்டில் துணியோடு பொருந்திய நூல், வெயிலில் வேறு நிறமாகத் தெரியலாம். சாயம் வேறென்றால் ஒளியை உறிஞ்சும் விதமும் வேறு. ஆகவே இரண்டையும் வாசலுக்கு எடுத்துவந்து பாருங்கள். பாவாடையின் பாரத்தைத் தோளில் ஏற்றாமல், கவுனுக்கு உள்ளே இடுப்பில் இறுகப் பிடிக்கும் ஒரு நாடாவைத் தைக்கச் சொல்லுங்கள்.

கீழ்ப்பாகத்தைக் கிராஸில் வெட்டினால் உடனே விளிம்பு மடித்து அடிக்க வேண்டாம். ஒரு நாளாவது மாட்டித் தொங்கவிடுங்கள். தன் எடையிலேயே கண்கள் சாய்ந்து, கிராஸான இடங்கள் மட்டும் கீழே இறங்கி, விளிம்பு அலையலையாக நிற்கும். அதன்பிறகு, திருமணத்தன்று போடப்போகும் அதே செருப்பைப் போட்டுக்கொண்டு நில்லுங்கள். தையல்காரர் தரையிலிருந்து அளவுகோலை நிறுத்தி, உங்களைச் சுற்றிவந்து சாக்பீஸால் புள்ளி வைக்கட்டும்.