காட்டு மலையில் ஏற அனுமதி: குமரி மாவட்டத்தார் தெரிந்துகொள்ள வேண்டிய விதிகள்

பூதப்பாண்டியிலோ அழகியபாண்டியபுரத்திலோ வீட்டு முற்றத்தில் நின்றாலே மலை கண்ணுக்குத் தெரிவதால், நினைத்த நாளில் நண்பர்களோடு போய் ஏறிவிட்டு வந்துவிடலாம் என்ற எண்ணம் நம் மாவட்டத்து இளைஞர்களுக்கு இயல்பாகவே வருகிறது. ஆனால் அந்த மலைகளின் பெரும்பகுதி, சுமார் 402 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயத்துக்குள் அடங்குகிறது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, பணியில் இருக்கும் அரசு ஊழியர், அங்கே நிலவுரிமை உள்ளவர், பொதுச்சாலை வழியே கடந்து செல்பவர் போன்ற சிலரைத் தவிர வேறு எவரும் அனுமதிச் சீட்டு இல்லாமல் சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது என்கிறது. கீரிப்பாறை வரை பேருந்தில் செல்வதற்கு யாரும் அனுமதி கேட்பதில்லை என்பதனால், சாலையை விட்டு இறங்கிக் காட்டுக்குள் நடப்பதற்கும் தேவையில்லை என்று கொள்வது தவறு. சாலைக்குத் தரப்பட்ட விலக்கு சாலையோடு முடிகிறது.

சுற்றுலாவுக்காக நுழைய விரும்புவோருக்கு அனுமதி வழங்க அதே சட்டத்தின் 28-ஆம் பிரிவு இடம் தருகிறது. தேசியப் பூங்காக்களுக்கும் இந்த நுழைவு விதிகளே பொருந்தும். அங்கே கட்டுப்பாடு இன்னும் இறுக்கமானது: தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடி (2,695 மீட்டர்) இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குள் இருந்தாலும், நுழைவுச்சீட்டு வாங்கிய சுற்றுலாப் பயணிகள் செல்லக்கூடியது ராஜமலைப் பகுதிதான், சிகரம் அன்று.

தமிழ்நாட்டில் இந்த அனுமதியை முறைப்படி பெறும் வழிதான் 2024 அக்டோபரில் தொடங்கப்பட்ட மலையேற்றத் திட்டம். வனத்துறையும் தமிழ்நாடு வன அனுபவக் கழகமும் இணைந்து நடத்தும் இத்திட்டத்தில், 14 மாவட்டங்களில் 40 வழித்தடங்கள் எளிது, மிதமானது, கடினமானது என வகைப்படுத்தித் திறக்கப்பட்டன. அவற்றில் காளிகேசம் – பாலமோர், இஞ்சிக்கடவு ஆகிய இரண்டும் நம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. 'ட்ரெக் தமிழ்நாடு' இணையதளத்தில் பெயர், நாள் ஆகியவற்றைப் பதிந்து கட்டணம் செலுத்திய பிறகே செல்ல முடியும். பதினெட்டு வயது நிறைந்தவர்கள் தாமே பதிவு செய்யலாம். அதற்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் ஒப்புதல் கடிதம் வேண்டும். பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை எளிதான தடங்களில் மட்டும், பெற்றோர் உடன் வர அழைத்துச் செல்லலாம். புறப்படும் நாளில் அசல் அடையாள அட்டையைக் கையில் வைத்திருப்பது நல்லது.

ஒரு நடைக்கு இவ்வளவு பணமா என்று கேட்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு அந்தத் தொகை சுமைதான், அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அந்தக் கட்டணத்தில்தான், மலையடிவார ஊர்களிலிருந்தும் பழங்குடிக் குடியிருப்புகளிலிருந்தும் தேர்ந்தெடுத்துப் பயிற்றுவிக்கப்பட்ட வழிகாட்டிகள் நம்மோடு வருகிறார்கள். யானை எந்தப் பக்கம் நிற்கிறது, ஓடையில் தண்ணீர் எப்போது ஏறும் என்பதெல்லாம் அவர்கள் அறிவார்கள். பேச்சிப்பாறை, கோதையாற்றுப் பகுதிகளில் வாழும் காணி மக்களுக்கு 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டில் உரிமை அளிக்கிறது. நமக்கு இருப்பது அனுமதி மட்டுமே. இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டு நடப்பவர் வழிகாட்டியின் சொல்லை மீற மாட்டார்.

இக்கட்டுப்பாடுகளின் பின்னே ஒரு பெருந்துயரம் இருக்கிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் பற்றிய காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பிறகு அதே ஆண்டில் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளைத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்தது. தீ பரவும் கோடைக் காலத்தில் தடங்கள் மூடப்படுகின்றன. 2025-இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடப்பட்டிருந்தன. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஒருசேரக் கிடைக்கும் நம் மாவட்டத்தில் மழையையும் கணக்கில் எடுத்தே நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அகத்தியர் மலைக்குப் (1,868 மீட்டர்) போக ஆசைப்படுவோர் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். கேரளத்தின் போணக்காட்டிலிருந்து தொடங்கும் அந்த மூன்று நாள் பயணத்துக்கு அனுமதி தருவது கேரள வனத்துறை. தமிழ்நாட்டுப் பதிவு அங்கே செல்லாது. பெரும்பாலும் தை, மாசி மாதங்களை ஒட்டியே அந்த வாய்ப்பு திறக்கும், இடங்களும் விரைவில் நிரம்பிவிடும்.

அனுமதியின்றி நுழைந்து பிடிபட்டால் என்ன ஆகும் என்பதைப் பலர் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். 2022-ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு, வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் பொதுவான விதிமீறலுக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். சரணாலயத்தில் தீ மூட்டுவதை 30-ஆம் பிரிவும், ஆயுதத்தோடு நுழைவதை 31-ஆம் பிரிவும் தனித்தனியே தடுக்கின்றன. ஆகவே தேநீர் போடுவதற்கென்று சுள்ளி பொறுக்கி அடுப்பு மூட்டுவதுகூடக் குற்றமாகலாம்.