பட்டன் ரோஜாவை டிவி ஸ்டாண்டில் வைக்காதீர்கள்

பிப்ரவரி வந்தால் எல்லோரும் ஓசூர் ரோஜாவைப் பற்றிப் பேசுவார்கள். மார்ச் வந்தால் எனக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ வர ஆரம்பிக்கும். இலை மஞ்சளாகி உதிர்ந்த ஒரு சின்னத் தொட்டி, காய்ந்த மொட்டு, கீழே ஒரே கேள்வி: "சார், என்ன மருந்து அடிக்கலாம்?" காதலர் தினத்துக்கோ பிறந்தநாளுக்கோ யாரோ கொடுத்த மினியேச்சர் ரோஜா, நம்ம பக்கம் நர்சரியில் பட்டன் ரோஸ் என்று சொல்வார்களே அதுதான், வீட்டுக்குள் வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. பாலிஹவுஸ்களுக்கு, அதாவது பிளாஸ்டிக் ஷீட் கூரை போட்டு ரோஜா வளர்க்கும் குடில்களுக்கு, ஆலோசனை சொல்வது என் தொழில், கூடவே ஒரு சின்ன நர்சரியும் உண்டு. அதனால் இந்தக் கேள்வி ஓசூர் பக்கத்துத் தளி, பாகலூர் விவசாயியிடமிருந்தும் வரும், தருமபுரி டவுனில் இரண்டாவது மாடியில் குடியிருக்கும் டீச்சரிடமிருந்தும் வரும். விவசாயிக்கு நேராகப் பதில் சொல்லிவிடுவேன். வீட்டில் வளர்ப்பவர்களிடம் திருப்பிக் கேட்பதுதான் வழக்கம்: செடி எந்த ஜன்னலில் இருக்கிறது, எந்தத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள், இலையைத் திருப்பிப் பார்த்தீர்களா? மருந்தைப் பற்றி அப்புறம் பேசலாம். பெரும்பாலும் பேசவே வேண்டியிருக்காது.

ஒன்றை உடைத்துச் சொல்லிவிடுகிறேன். மணி பிளான்ட்டை வைக்கிற இடத்தில் இதை வைத்தால் சாகும். பூவும் இலையும் சின்னதாக இருக்கிறதே தவிர ரோஜா ரோஜாதான், வெயில் தேவை மட்டும் சின்னதாகிவிடாது. தினமும் நாலு முதல் ஆறு மணி நேரம் நேரடி வெயில் கேட்கும் செடியை டீப்பாயிலும் டிவி ஸ்டாண்டிலும் வைத்தால், தண்டில் இருக்கும் சேமிப்பை வைத்து இரண்டு மூன்று வாரம் ஓட்டும், பிறகு கீழ் இலையிலிருந்து ஒவ்வொன்றாக உதிர்க்கும். நம் கண்ணுக்கு ஹால் வெளிச்சமாகத்தான் தெரியும், ஏனென்றால் கண் பழகிக்கொள்ளும். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவில் சொல்வார்கள், உச்சி வெயிலில் வெளியே 1,00,000 லக்ஸ் இருக்கும் நேரத்தில் ஹால் நடுவே 200, 300 லக்ஸ்தான் இருக்கும். போனில் லக்ஸ் மீட்டர் ஆப் போட்டு அளந்து பாருங்கள், துல்லியமாக இல்லாவிட்டாலும் வித்தியாசம் தெரிந்துவிடும்.

இந்தக் குட்டி ரோஜாக்களின் கதையே ஜன்னலில் தொடங்கியதுதான். சீன ரோஜா வழியில் வந்த குள்ளச் செடி ஒன்றை சுவிட்சர்லாந்து கிராமத்து வீடுகளில் ஜன்னல் விளிம்பில் தொட்டி வைத்து வளர்த்திருக்கிறார்கள், ரூலே என்ற ராணுவ அதிகாரி அதைக் கவனித்துச் சொல்ல, கொரவோன் என்ற தாவரவியலாளர் 1922இல் அவர் பெயரையே அதற்கு வைத்தார். இன்று விற்கும் மினியேச்சர் ரகங்கள் பலவற்றுக்கு அது ஒரு மூதாதை. ஆனால் அது ஜன்னலுக்கு வெளி விளிம்பு, குளிர்காலத்தில் செடி ஓய்வெடுக்கும் ஊர். நம்முடையது அப்படியில்லை.

ஜன்னல் என்றதும் யூடியூபில் பார்த்தவர்கள் "தெற்கு ஜன்னல்தானே சார்?" என்பார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அது சரி, அங்கே சூரியன் வருடம் முழுக்கத் தெற்கே சாய்ந்துதான் போகும். ஓசூரும் தருமபுரியும் ஏறக்குறைய 12 முதல் 13 டிகிரி வட அட்சத்தில் இருக்கின்றன. மார்கழி, தையில் தெற்கு ஜன்னலில் நல்ல வெயில் விழும், உண்மை. ஏப்ரல் கடைசியில் சூரியன் தலைக்கு நேரே வந்து, அதன் பிறகு ஆகஸ்ட் நடுப்பகுதி தாண்டும் வரை நடுப்பகலில் நமக்கு வடக்கே நிற்கிறது. அந்த நான்கு மாதம் தெற்கு ஜன்னலில் நேர் வெயில் கிட்டத்தட்ட இல்லை, மேலே சன்ஷேடும் இருந்தால் சுத்தமாக இல்லை. தையில் பூத்துக் குலுங்கிய செடி வைகாசியில் ஏன் இளைத்துப்போனது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில், உரக்குறை இல்லை.

நான் சிபாரிசு செய்வது கிழக்கு ஜன்னல். காலை ஆறரையிலிருந்து பத்தரை, பதினொன்று வரை விழுகிற வெயில் சூடு குறைந்தது, வெளிச்சம் போதுமானது. கொசுவலை அடித்திருந்தால் செடியை வலைக்கு வெளியே, கிரில் பக்கம் வையுங்கள், வலையில் தூசியும் சேர்ந்துவிட்டால் வெளிச்சத்தில் நல்ல பங்கு அங்கேயே போய்விடும். மேற்கு ஜன்னல் ஓசூரில் பரவாயில்லை, கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர், சாயங்காலம் ஆனால் சூடு இறங்கிவிடும். தருமபுரி அதில் பாதி உயரம்தான். சித்திரை மாதத்தில் மேற்கு ஜன்னலில் வைத்த நாலு அங்குல பிளாஸ்டிக் தொட்டியை மாலை நாலு மணிக்குத் தொட்டுப் பாருங்கள், கை பொறுக்காது, உள்ளே வேர் வெந்துகொண்டிருக்கும்.

ஜன்னலே இல்லை என்றால் எல்இடி பேட்டன் லைட் வேலை செய்யும். 20 வாட் விளக்கைச் செடிக்கு அரை அடி உயரத்தில் தொங்கவிட்டு தினம் 14 மணி நேரம் எரியவிட்டால் மாதம் எட்டரை யூனிட் ஆகும். அரை அடி என்றால் அரை அடிதான், சீலிங்கில் எரியும் டியூப்லைட் கணக்கில் வராது. பால்கனியோ மொட்டை மாடியோ இருப்பவர்கள் இந்தக் கஷ்டமெல்லாம் படவே வேண்டாம். செடியை அங்கேயே வளர்த்து, பூக்கும்போது மட்டும் நாலைந்து நாள் உள்ளே எடுத்து வந்து அழகு பார்த்துவிட்டுத் திருப்பி வைத்துவிடுங்கள்.

அடுத்து இலை. போட்டோவில் இலை பச்சை மங்கி, ஊசியால் குத்தியதுபோல் வெளிர் புள்ளிகளாகத் தெரிந்தால் திருப்பிப் பார்க்கச் சொல்வேன். அடியில் தூசி படிந்த மாதிரி இருக்கும், கூர்ந்து பார்த்தால் நரம்பு ஓரமாக மெல்லிய நூலாம்படை. ஒரு வெள்ளைத்தாளை அடியில் பிடித்து இலையைச் சுண்டிவிட்டு அரை நிமிடம் காத்திருங்கள், தாளில் விழுந்த தூசியில் சில புள்ளிகள் நகர ஆரம்பிக்கும். செஞ்சிலந்தி. பாலிஹவுஸில் மைட்ஸ் என்பார்கள், ஓசூர் ரோஜாக்காரர்களை வெயில் காலம் முழுக்கத் தூங்கவிடாதது இதுதான். 30 டிகிரி வெப்பத்தில் முட்டையிலிருந்து முழுச் சிலந்தியாக வளர ஒரு வாரம், பத்து நாள் போதும், 20 டிகிரியில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். காற்று எவ்வளவு காய்ந்து சூடாக இருக்கிறதோ அவ்வளவு கொண்டாட்டம், ஆகவே மார்ச், ஏப்ரலில் மூடிய அறையில் ஃபேனுக்கடியில் இருக்கும் செடி அதற்குச் சொர்க்கம்.

இது எட்டுக்கால் ஜாதி, பூச்சி இனமே இல்லை. கடையில் "பூச்சிக்கு" என்று கேட்டு வாங்கும் மருந்து பெரும்பாலும் இதன் மேல் வேலை செய்யாது. இமிடாகுளோபிரிட் என்ற பூச்சி மருந்து போட்ட செடியில் செஞ்சிலந்தி முன்பைவிட அதிகமாவதும் நடக்கும், பைரித்ராய்டு வகை மருந்துகள் செஞ்சிலந்தியைத் தின்னும் நல்ல பூச்சிகளைக் கொன்று அதற்கு வழிவிட்டுவிடும்.

வீட்டில் ஒரே ஒரு தொட்டிதானே இருக்கிறது, தண்ணீர் போதும். தொட்டி வாயை ஒரு கேரி பேக்கால் சுற்றிக் கட்டி, பாத்ரூமில் செடியைச் சாய்த்துப் பிடித்து, ஹேண்ட் ஷவரில் இலையின் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். மூன்று நாளைக்கு ஒரு முறை, மூன்று வாரம் விடாமல். முட்டை ஒட்டிக்கொண்டு மிஞ்சும், அதனால்தான் விடாமல் என்கிறேன். கூடவே வாரம் ஒரு தரம் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் நன்றாகக் கலக்கி சாயங்காலம் அடிக்கலாம். ரோஜா இலையை நனைத்தால் கரும்புள்ளி நோய் வருமே என்று படித்தவர்கள் பயப்படுவார்கள். அந்தப் பூசணம் முளைக்க இலை ஏழு மணி நேரமாவது ஈரமாகவே இருக்க வேண்டும், காலையில் கழுவி ஜன்னலில் வைத்தால் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். ஓசூரில் தை மாதப் பனியில் வருகிற சாம்பல் நோய்க்கோ இலை நனைய வேண்டிய அவசியமே இல்லை, காற்றோட்டம் இல்லாமல் இருந்தால் போதும். வெள்ளை மாவு பூசியது போன்ற இலையைக் கிள்ளிக் குப்பையில் போட்டுவிட்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

தண்ணீர் விஷயத்தில்தான் கிருஷ்ணகிரி, தருமபுரி என்ற நம் இரண்டு மாவட்டங்களுக்கென்று தனிச் சிக்கல் உண்டு. போர் தண்ணீரில் உப்பும் ஃபுளோரைடும் அதிகம் என்பது ஊரறிந்த கதை, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரோசிஸ் பாதிப்புக்காக வந்ததுதான், 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. அதனால் வீட்டுக்கு வீடு ஆர்ஓ மெஷின். அதிலிருந்து வெளியேறும் தண்ணீரை வீணாக்க மனம் வராமல் வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றுகிறார்கள். சிக்கனம் நல்ல குணம்தான், ஆனால் அந்த வாளியில் இருப்பது மெஷின் பிரித்துத் தள்ளிய உப்பெல்லாம் சேர்ந்த தண்ணீர். தென்னைக்கு ஊற்றுங்கள், வாசல் கழுவுங்கள், நாலு அங்குலத் தொட்டி ரோஜாவுக்கு மட்டும் வேண்டாம். தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவு, இலை ஓரம் தீய்ந்துபோவது, புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்பது, இதெல்லாம் அந்தத் தண்ணீரின் கைவரிசை. கடைசியாகச் சொன்னது இரும்புச்சத்து கிடைக்காத அறிகுறி, மண்ணில் இரும்பு இருந்தாலும் காரத்தன்மையால் வேர் எடுக்க முடியாது. இதைப் பார்த்து யூரியா போடுகிறவர்கள் இருக்கிறார்கள், ஏற்கெனவே உப்பில் தவிக்கும் வேருக்கு இன்னும் உப்பு.

மழைநீர், ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர், ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர், மூன்றும் நல்லது. போர் தண்ணீர்தான் கதி என்றால் மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரைத் தேடிப்பிடித்து, அடியில் தாராளமாக வழிந்தோடும்வரை ஊற்றி உப்பைக் கழுவிவிடுங்கள், தட்டில் தேங்கியதை உடனே கொட்டிவிடுங்கள். எப்போது ஊற்றுவது என்பதற்குத் தொட்டியைத் தூக்கிப் பார்ப்பதைவிட நல்ல வழி கிடையாது. ஊற்றியதும் ஒரு தரம் தூக்கிப் பாருங்கள், கனம் கைக்குத் தெரியும், பாதியாகக் குறைந்ததும் அடுத்த முறை. பரிசுத் தொட்டியைச் சுற்றி ஜிகினாத்தாள் இருந்தால் முதல் நாளே பிய்த்து எறியுங்கள், அதற்குள் தண்ணீர் தேங்கி வேர் அழுகியே பாதிச் செடிகள் போகின்றன.

இன்னொன்று, இதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. மே, ஜூனில் "மொட்டு திறக்காமலே கொட்டுகிறது, பூச்சி ஒன்றுமில்லை" என்று கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து செய்தி வந்தால், வீட்டில் மாம்பழம் இருக்கிறதா என்று கேட்பேன். இருக்கும். தோட்டத்திலிருந்து வந்த பெங்களூராவும் சேலம் குண்டும் வைக்கோலில் பழுத்துக்கொண்டிருக்கும் அதே அறையில்தான் ரோஜாவும் இருக்கும். பழுக்கிற மாம்பழம் எத்திலீன் வாயுவை விடும், தொட்டி மினியேச்சர் ரோஜாவில் பல ரகங்களுக்கு அது கொஞ்சம் பட்டாலே மொட்டும் இலையும் உதிரும். காற்றோட்டமான வேறு அறைக்கு மாற்றினால் அடுத்த மொட்டுகள் நிற்கும். சாமி அறையில் ரோஜாத் தொட்டி வைப்பவர்களும் கவனிக்கவும், எரிகிற எதன் புகையிலும் அந்த வாயு கொஞ்சம் இருக்கும்.

உரத்தைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக இருக்கும், தண்ணீரில் கரையும் 19:19:19 உரம் லிட்டருக்கு ஒரு கிராம், பதினைந்து நாளுக்கு ஒரு முறை, அதுவும் புதுத் துளிர் வரும்போது மட்டும். டீத்தூள் சக்கையைப் பால், சர்க்கரையோடு கொட்டினால் எறும்பு வரும், எறும்பு வந்தால் அசுவினியும் மாவுப்பூச்சியும் பின்னாலேயே வரும். முட்டை ஓடு வேண்டாம், நம் தண்ணீரில் கால்சியத்துக்குப் பஞ்சமில்லை. பரிசுத் தொட்டியில் பெரும்பாலும் மூன்று நான்கு குச்சிகளைச் சேர்த்து நட்டிருப்பார்கள், முதல் பூ முடிந்ததும் அப்படியே ஒரு சைஸ் பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். செம்மண் ஒரு பங்கு, நன்றாக அலசிய தென்னை நார்க் கழிவு ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. அலசாத நார்க் கழிவில் உப்பு இருக்கும், இரண்டு தண்ணீர் மாற்றிப் பிழிந்துவிட்டுப் போடுங்கள். வாடிய பூவை, கீழே முதலில் வரும் நல்ல இலைக்கு மேலாக வெட்டிவிட்டால் ஆறேழு வாரத்தில் மறுபடி பூ.

இனி மருந்து. பாலிஹவுஸ் வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில்தான் இதை அதிகம் பார்க்கிறேன். மிச்சமான மருந்தில் ஒரு மூடி அளவு தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு வந்து, "நம்ம செடிக்கும் ஆகும்" என்று ஜன்னல் ஓரத்தில் வைத்திருப்பார்கள். லேபிள் கிடையாது. பாலிஹவுஸில் அந்த மருந்தை அடிப்பவர் மாஸ்க், கையுறை போட்டு அடிக்கிறார், அடித்த பிறகு லேபிளில் சொன்ன நேரம் வரை உள்ளே யாரும் போகக் கூடாது. வீட்டு ஜன்னலில் அடித்துவிட்டு அந்த அறையிலேயே படுத்துக்கொள்கிறோம், குழந்தை தவழ்கிறது. கந்தகத் தூள் மாதிரி சாதாரணமாகத் தெரிவதைக்கூட மூடிய அறையில் அடிக்கக் கூடாது, வேப்பெண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் பட்டால் இலையும் கருகும். கடையில் வாங்கிய செடியின் பூவை, பொக்கே ரோஜாவை, குல்கந்துக்கோ சாலட்டுக்கோ தொடாதீர்கள், அதில் என்ன அடித்திருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

உங்கள் வீட்டில் அப்படி ஒரு பாட்டில் இருந்தால் சாக்கடையில் கொட்டாமல், இன்றைக்கே கொண்டுவந்த இடத்து ஸ்டோரில் திருப்பிக் கொடுங்கள். குழந்தை வாயில் வைத்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால் உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உடனே 108க்குப் போன் செய்யுங்கள், பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள், போகிற வழியிலேயே ஸ்டோர்காரரைக் கூப்பிட்டு அது என்ன மருந்து என்று பெயரைக் கேட்டு டாக்டரிடம் சொல்லுங்கள்.