நுரையீரல் அப்படியேதான் இருக்கிறது, போனது கால்

"நடந்தா மூச்சு வாங்குதுங்க மேடம், அதனால நடக்கறதில்லீங்க." நெஞ்சக நோய்ப் பிரிவில் பிசியோதெரபிஸ்டாக இருக்கும் எனக்கு இந்த வாக்கியத்தைக் கேட்காமல் ஒரு ஓ.பி. நாளும் முடிவதில்லை.

போன வாரம் வந்தவர் பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சி.ஓ.பி.டி. நோயாளி, அதாவது காற்றுக்குழாய் சுருங்கி மூச்சு வாங்கும் நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர். பீடியை விட்டுச் சில வருடங்கள் ஆகின்றன, பம்ப்பையும் (இன்ஹேலர்) ஒழுங்காக எடுக்கிறார். கூட வந்த மகனுக்கு ஒரே பெருமை: "அப்பாவ ஒரு வேலையும் செய்ய விடறதில்லீங்க. சாப்பாடு கட்டிலுக்கே வந்துரும், பாத்ரூம்ல சேர் போட்டாச்சு, வெளிய அனுப்பறதே இல்லீங்க." நல்ல பிள்ளைதான், சந்தேகமே இல்லை. ஆனால் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து நில்லுங்கள் என்றால் அப்பாவால் எழ முடியவில்லை. ஃபைலைப் புரட்டினேன். இரண்டு வருடத்துக்கு முன் எடுத்த ஸ்பைரோமெட்ரிக்கும் (ஊதச் சொல்லி நுரையீரலின் திறனை அளக்கும் சோதனை) இப்போது எடுத்ததற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அன்றைக்கு அவர் தானாகச் சந்தைக்குப் போய்க் காய்கறி வாங்கி வந்தவர். நுரையீரல் ஏறக்குறைய அங்கேயே நிற்கிறது, தொடைச் சதைதான் கரைந்துவிட்டது. ஆள் மாறி மாறி இதே கதை வருவதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் எனக்கு மிக எரிச்சல் தரும் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மூச்சு வாங்கினால் நுரையீரல் கெட்டுப்போகும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். நோயாளி நம்புகிறார், மகள் நம்புகிறார், பக்கத்து வீட்டுக்காரர் நம்புகிறார், சில சமயம் வார்டில் இருக்கும் ஊழியர்களே "பேசாம படுங்க தாத்தா" என்கிறார்கள். கெடாது. நுரையீரலைக் கெடுத்தது புகை, தூசி, அடுத்தடுத்து வந்த நெஞ்சுச் சளித் தொற்று. நடை கெடுக்கவில்லை. காட்டில் வேலை செய்தால் வியர்க்கிறது, வியர்வையைப் பார்த்து உடம்பு உருகிவிட்டது என்று யாராவது பயப்படுகிறார்களா? நடக்கும்போது வரும் மூச்சிரைப்பும் உடம்பு வேலை செய்வதால் வருவதுதான். உங்களுக்குக் காற்றுக்குழாய் சுருங்கியிருப்பதால் மற்றவர்களைவிடச் சீக்கிரமாகவும் அதிகமாகவும் வருகிறது, அவ்வளவுதான். உட்கார்ந்தால் சில நிமிடத்தில் அடங்கிவிடும். அடங்கும் மூச்சிரைப்பு ஆபத்தானது இல்லை, பயமுறுத்துவது. இரண்டும் ஒன்றாகத் தெரிவதுதான் இந்த நோயின் கொடுமை.

பயந்து உட்கார்ந்துகொண்டால் என்ன ஆகும்? சதை வற்றும். வற்றிய சதை அதே வேலைக்கு முன்னைவிடச் சீக்கிரம் களைத்து, அதிகக் காற்றைக் கேட்கும். அப்போது பத்தடிக்கே மூச்சு வாங்கும். "பாத்தீங்களா, நோய் முத்திடுச்சு" என்று இன்னும் கொஞ்சம் உட்காருவார்கள். சி.ஓ.பி.டி. உள்ளவர் அன்றாடம் எவ்வளவு நடமாடுகிறார் என்பது அவருடைய ஆயுளைக் கணிக்கும் வலுவான அடையாளங்களில் ஒன்று என்று ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. இதைச் சொன்னால் மகன்கள் முகம் வாடிவிடுகிறது, அதனால் மெதுவாகத்தான் சொல்கிறேன்.

இன்னொரு பக்கம் "அவருக்கு சோம்பேறித்தனம், எத்தனை சொன்னாலும் கேக்க மாட்டேங்கறார்" என்று புகார் சொல்லும் வீடுகள். சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட்டால் நமக்கு வேலை முடிந்தது. உட்கார வைத்து விசாரித்தால் முதலில் பயம் வெளியே வரும், பின்னால் வெட்கம். தெருவில் இருபதடிக்கு ஒருமுறை நிற்க வேண்டியிருக்கிறது, நின்றால் போகிறவர் வருகிறவர் எல்லாம் "என்னாச்சுங்க" என்கிறார்கள். அதற்குப் பயந்து செல்போனை எடுத்துப் பார்ப்பது போல நிற்பவர்களை, கடைப் பலகையை எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களை எனக்குத் தெரியும். பீடி குடித்தவருக்கு நானே தேடிக்கொண்டதுதானே என்ற குற்ற உணர்ச்சி வேறு. பெண்கள் கதை தனி. பீடி சிகரெட்டைத் தொட்டதே இல்லை, காலமெல்லாம் விறகடுப்பில் ஊதிச் சமைத்ததில் வந்த நோய், அது நோய் என்றே தெரியாமல் "வயசாயிடுச்சு, இளைக்குது" என்று இருப்பார்கள். மருமகள் வந்து வேலைகளை வாங்கிக்கொண்ட நாளிலிருந்துதான் படுக்கை. மனச்சோர்வும் இவர்களிடம் அதிகம், அதை யாரும் கேட்பதில்லை. தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை என்றால் அதை முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள், நடைப்பயிற்சி அப்புறம்.

"உடம்புக்கு நல்லது, நடங்க" என்று சொல்லி நடந்தவர் எவரையும் நான் பார்த்ததில்லை. எங்கே போக ஆசை என்று கேளுங்கள். டீக்கடையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கணும் என்பார் ஒருவர். பேத்தியை ஸ்கூல் வேனிலிருந்து கூட்டி வரணும் என்பார் இன்னொருவர். ஒரு அம்மா மருதமலைக்குப் போகணும் என்றார், பஸ் மேலே போகுமே என்றால், "இறங்கின பொறவு இருக்கற படிய யாருங்க ஏறுவா" என்றார். சரி, அந்தப் படிதான் நம் கணக்கு. டீக்கடை நூறு மீட்டர் என்றால் இந்த வாரம் பாதி வழியில் இருக்கும் திண்ணை, அடுத்த வாரம் அதற்கு அடுத்த வீடு. போய்வந்த நாளில் காலண்டரில் ஒரு கோடு போடுங்கள், செல்போனில் அடிகளை எண்ணும் வசதி இருந்தால் அதையும் பாருங்கள். நேற்று நடந்ததைவிடக் கொஞ்சம் கூட நடந்தது எண்ணாகத் தெரிந்தால் அடுத்த நாளும் கால் கிளம்பும். நாங்கள் ஆறு நிமிட நடைச் சோதனை வைப்பதும் ஓரளவு இதற்குத்தான். சுமார் 30 மீட்டர் கூடினாலே நோயாளிக்கு அது உணரக்கூடிய முன்னேற்றம். ஸ்பைரோமெட்ரி எண் ஏறாது, அதை எதிர்பார்த்து ஏமாறாதீர்கள். ஏறுவது நடக்கும் தூரம்.

எப்படி நடப்பது? மருத்துவர் சொல்லியிருந்தால் பம்ப்பை கால் மணி நேரம் முன்பே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடம் நடை, ஒரு நிமிடம் ஓய்வு என்று ஆரம்பிக்கலாம், ஒரே மூச்சில் நடந்து காட்ட இங்கே போட்டி எதுவும் இல்லை. மூச்சிரைப்புக்கு பூஜ்யத்திலிருந்து பத்து வரை மார்க் போடச் சொல்வோம், மூன்று நான்கு வந்தால் சரியான வேகம், ஏழு எட்டு என்றால் வேகம் அதிகம். மார்க் போட வரவில்லையா, துண்டு துண்டாகவாவது பேச வருகிறதா என்று பாருங்கள். மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, இழுத்ததைப் போல இரண்டு மடங்கு நேரம் மெதுவாக ஊதி விடுங்கள். படி ஏறும்போது காலைத் தூக்கி வைக்கும் நேரத்தில் ஊதுங்கள். ரொம்ப வாங்கினால் முன்னால் குனிந்து தொடையிலோ சுவரிலோ கையை ஊன்றி நில்லுங்கள், மல்லாந்து படுக்காதீர்கள். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதையும் தினமும் சில தடவை செய்யுங்கள், தொடைக்கு அதைவிட மலிவான ஜிம் கிடையாது. கூடவே முட்டை, பருப்பு, பயறு. வெறும் ரசஞ்சோற்றில் சதை வளராது.

கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்ஸிமீட்டர், விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று பார்க்கும் கருவி, பல வீடுகளில் இருக்கிறது. நடக்கும்போது 88-க்குக் கீழே போனால் நின்று ஓய்வெடுங்கள், தினமும் அப்படிப் போனால் வந்து காட்டுங்கள், நடக்கும்போது ஆக்ஸிஜன் தேவையா என்று பார்க்க வேண்டும். அதற்காக நிமிடத்துக்கு ஒருமுறை விரலில் மாட்டிக்கொண்டு உட்காராதீர்கள். நகப்பூச்சு இருந்தாலும் விரல் ஜில்லென்று இருந்தாலும் எண் தப்பாகக் காட்டும். நுரையீரல் தழும்பு நோய் உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: உங்களுக்கு நடந்தால் ஆக்ஸிஜன் மளமளவென்று இறங்கலாம், எங்கள் முன்னால் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டுத்தான் வீட்டில் ஆரம்பிக்க வேண்டும்.

அப்புறம் அந்த மூணு பந்து. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும், உறிஞ்சினால் பந்து மேலே எழும்பும் பிளாஸ்டிக் டப்பா. "தினமும் மூணு பந்தும் தூக்கறேங்க" என்று காட்டுகிறார்கள். அறுவை சிகிச்சை செய்தவர்களுக்காக வந்த சாமான் அது. சி.ஓ.பி.டி.க்கு அதை உறிஞ்சிக்கொண்டும் பலூனை ஊதிக்கொண்டும் இருந்தால் கால் வலுக்காது. டிவியைப் பார்த்து வேகவேகமாக மூச்சு விடும் பயிற்சி செய்பவர்களையும் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், உங்களுக்குக் காற்று உள்ளேயே தேங்குவதுதான் பிரச்சினை, வேகமாக விட்டால் இன்னும் தேங்கும்.

நடக்கக் கூடாத நாட்களும் உண்டு. காய்ச்சல், சளி நிறம் மாறி மஞ்சள் பச்சையாக வருவது, வழக்கத்துக்கு மீறிய மூச்சிரைப்பு, கால் வீக்கம் இருந்தால் நடை வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள். நடக்கும்போது நெஞ்சு வலித்தாலோ கண்ணை இருட்டினாலோ அதோடு நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மார்கழிப் பனியில் விடியற்காலை நடையும் வேண்டாம், வெயில் வந்த பிறகு போதும். போகி அன்றும் தீபாவளி அன்றும் வீட்டுக்குள்ளேயே கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடங்கள். வயிறு முட்டச் சாப்பிட்ட கையோடு கிளம்பாதீர்கள்.

ஒழுங்காக நடந்துகொண்டிருந்தவரும் நின்றுபோவது ஒரு சளித் தாக்குதலுக்குப் பிறகுதான். ஆஸ்பத்திரியில் சில நாள் படுத்ததிலேயே கால் தளர்ந்துவிடும், வீட்டுக்குப் போனதும் "போதும் சாமி, இனிமே ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்று எல்லோரும் சேர்ந்து கட்டிலில் போட்டுவிடுவார்கள். உண்மையில் பயிற்சி அதிகம் உதவுவது அந்தச் சமயத்தில்தான். டிஸ்சார்ஜ் ஆன நான்கு வாரத்துக்குள் ஆரம்பித்தால் மறுபடி அட்மிட் ஆவது குறைகிறது. பழைய தூரத்தை அன்றைக்கே எதிர்பார்க்காதீர்கள், கட்டிலிலிருந்து வாசல் வரை என்று தொடங்குங்கள். டிஸ்சார்ஜ் சீட்டு வாங்கும்போது மாத்திரை எப்போது, பம்ப் எத்தனை என்று கேட்கிறீர்கள் அல்லவா, அதோடு பிசியோதெரபிக்கு ஒரு சீட்டு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலும் யாரும் தானாக எழுதுவதில்லை, கேட்டால் எழுதுவார்கள்.