அடிக்‌ஷன்: கடனிலிருந்து வந்த சொல்

"அவன் குடிக்கு அடிமை" என்று தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் ஒருவரைப் பற்றிச் சொல்லிவிட்டால் போதும், அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஆங்கிலக்காரன் அடிக்‌ஷன் என்கிறதைத்தான் நாம் இப்படி அடிமை என்று சொல்கிறோம். சரி, அந்த அடிக்‌ஷன் எங்கிருந்து வந்தது?

லத்தீனிலிருந்து. 'அட்' என்பது ஒன்றை நோக்கி, 'டிகெரே' என்பது சொல்லுதல். பழைய ரோமில் கடனைக் கட்ட முடியாதவனைக் கடன் கொடுத்தவனிடமே நீதிபதி வாயால் சொல்லி ஒப்படைத்துவிடுவார். அப்படி ஒப்படைக்கப்பட்டவன் பெயர்தான் அடிக்டுஸ். இதை முதலில் அறிந்தபோது எனக்கு இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் முன்பு இருந்த துண்டு முறைதான் ஞாபகம் வந்தது. தோட்டத்துக்கு வந்து சேருவதற்குள்ளேயே வழிச்செலவு, சாப்பாடு என்று ஆள் சேர்த்து வந்த கங்காணியின் கணக்கில் கடன் ஏறியிருக்கும், வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் 'இவ்வளவு கடனைக் கட்டினால் ஆளை விடுகிறோம்' என்று எழுதிய துண்டு வேண்டும், புதுத் தோட்டம் அதைக் கட்டினாலும் கடன் தீராது, ஆளோடு கூடவே வரும். 1921இல்தான் அதைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

ஆங்கிலத்துக்கு வந்த பிறகு அந்தச் சொல்லுக்கு ஒன்றிடம் மனதை ஒப்படைப்பது என்ற நல்ல பொருளும் இருந்தது. நம் அடிமையும் அப்படித்தான், அடி என்றால் பாதம், அடியாரும் அதே அடியில் வந்தவர்தான்.

கடன் என்று வைத்துப் பார்த்தால் உடம்புக்குள் நடப்பதும் விளங்கும். சாராயமோ கள்ளத்தனமாகக் காய்ச்சும் கசிப்போ மூளையின் ஓட்டத்தை மந்தமாக்குகிறது. கூடவே டோபமைன் என்ற இரசாயனம் சுரந்து, 'இது நல்லது, இன்னும் வேண்டும்' என்று மூளை பதிந்துகொள்கிறது. ஒவ்வொரு நாளும் குடிக்கிறவரின் மூளை சும்மா இருக்குமா? அந்த மந்தத்தை ஈடுகட்ட அதுவும் தன் வேகத்தைக் கூட்டி வைத்துக்கொள்ளும், அதனால்தான் கால் போத்தலில் வந்த வெறி அப்புறம் அரைப் போத்தலிலும் வருவதில்லை. திடீரென்று நிறுத்தினால் மந்தம் போய்விடும், கூட்டி வைத்த வேகம் மட்டும் நிற்கும். கை நடுக்கம், வியர்வை, தூக்கமில்லாமை எல்லாம் அதுதான். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், அதன் பிறகு இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரியலாம். பேய் பிடித்துவிட்டது என்று கோடாங்கியைக் கூப்பிட்ட ஒரு வீட்டை எனக்குத் தெரியும். அது பேயில்லை, உயிரையே எடுக்கக்கூடிய நிலை.

தேயிலை விளைகிற ஊரில் சின்ன அளவில் இதை எல்லோரும் அனுபவித்திருப்போம். காலைத் தேத்தண்ணி தவறினால் வரும் மண்டையிடியும் இதே வகைதான். மூளைக்குக் களைப்பைச் சொல்லும் அடினோசின் என்ற இரசாயனத்தைத் தேத்தண்ணியில் இருக்கும் கஃபீன் மறித்து வைக்கிறது, மூளை அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது, கஃபீன் வராத அன்றைக்குத் தலை இடிக்கிறது. அதற்காக யாரையும் தேத்தண்ணிக்கு அடிமை என்று ஒதுக்கிவைப்பதில்லையே.

1964இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழுவே அடிக்‌ஷனை விட்டுவிட்டு ஆங்கிலத்தில் டிபெண்டன்ஸ் என்று சொல்லலாம் என்றது. இலங்கைத் தமிழில் அதற்குத் தங்கியிருத்தல் என்போம். பிழையில்லை, ஆனால் யாரோ விருந்துக்கு வந்து தங்கியிருக்கிற மாதிரிக் கேட்கிறது. 'போதைச் சார்பு' என்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது, ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நிலை அதில் தெரிகிறது, ஆளின் மேல் முத்திரை குத்துவதில்லை. 'அவர் குடி அடிமை' என்பதற்குப் பதில் 'அவருக்குப் போதைச் சார்பு இருக்கிறது' என்று சொல்லலாம், நீரிழிவு இருக்கிறது என்கிற மாதிரி.

ஆஸ்பத்திரியில் இந்தச் சொல் எதுவுமே தேவையில்லை. எத்தனை வருசம், ஒரு நாளைக்கு எவ்வளவு, கடைசியாக எப்போது குடித்தார், நிறுத்தினால் கை நடுங்குகிறதா, முன்பு வலிப்பு வந்ததா என்று சொன்னால் வைத்தியருக்கு விளங்கும், மருந்து கொடுத்து அதன் அளவை மெல்ல மெல்ல இறக்குவார்கள்.