மூச்சு முட்டுதுன்னா ஆக்சிஜன் குறைஞ்சிடுச்சுன்னு அர்த்தமா?

போன மாசம் நைட் டூட்டில ஒரு காலேஜ் பொண்ணை ரெண்டு ஃப்ரெண்ட்ஸ் கைத்தாங்கலா கூட்டிட்டு வந்தாங்க, "மூச்சே விட முடியலங்குறா டாக்டர், சீக்கிரம் ஆக்சிஜன் வைங்க"ன்னு ஒரே அழுகை. அந்தப் பொண்ணு நிமிஷத்துக்கு 35 தடவைக்கு மேல மூச்சு வாங்குது, வாயைச் சுத்தி மரத்துப்போச்சுங்குது, ரெண்டு கை விரலும் கூம்பி உள்பக்கமா இழுத்துக்கிச்சு. விரலை மெதுவா பிரிச்சு பல்ஸ் ஆக்சிமீட்டர் மாட்டினா 99 சதவீதம் காட்டுது, ஆக்சிஜன் குறையவே இல்ல.

அதே ராத்திரி பக்கத்து பெட்ல ஒரு பெரியவர். சிஓபிடி, அதாவது பல வருஷ சிகரெட்டால கெட்டுப்போன நுரையீரல். அவர் மூச்சு முட்டுதுன்னு சொல்லவே இல்ல, அமைதியா தூங்கிட்டு இருந்தார். எனக்கு பயமா இருந்தது அவரைப் பார்த்துதான்.

மூச்சை ஓட்டுறது மூளைக்கு அடியில இருக்குற முகுளம். நாம தூங்கினாலும் மறந்தாலும் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 20,000 தடவை அதுதான் இழுத்து விட வைக்குது. எவ்வளவு இழுக்கணும்னு அது முடிவு பண்றதுக்கு முக்கியமா பார்க்குறது ஆக்சிஜனை இல்லங்க, கார்பன் டை ஆக்சைடைத்தான். இதை 1905லயே ஹால்டேன், பிரீஸ்ட்லின்னு ரெண்டு பேர் காட்டிட்டாங்க, ஆனா இன்னைக்கும் படிச்சவங்களுக்கே இது புதுசாத்தான் இருக்கு. ரத்தத்துல அந்த வாயுவோட அழுத்தம் 40 (மில்லிமீட்டர் பாதரசக் கணக்குல) இருந்தா சரி. அது ரெண்டு மூணு புள்ளி ஏறினாலே ரத்தமும் மூளையைச் சுத்தி இருக்குற திரவமும் கொஞ்சம் அமிலமாகும், முகுளம் உடனே உஷாராகி நாம இழுக்குற காத்தை கிட்டத்தட்ட ரெண்டு மடங்காக்கிடும். ஆரோக்கியமா இருக்குற ஒருத்தர் உட்கார்ந்தபடி மூச்சை அடக்கினா, இனி முடியாதுன்னு விட்டுடுற அந்த நிமிஷத்துலகூட ஆக்சிமீட்டர் பெரும்பாலும் ஆபத்தான அளவுக்கு இறங்கியிருக்காது.

ஆக்சிஜனைப் பார்க்க ஆளே இல்லையான்னா, இருக்கு. கழுத்துல ரத்தக்குழாய் ரெண்டா பிரியுற இடத்துல அரிசி அளவுக்கு ஒரு உறுப்பு (இது மூச்சைக் கட்டுப்படுத்துறதுல என்ன பண்ணுதுன்னு கண்டுபிடிச்சதுக்கு பெல்ஜிய விஞ்ஞானி ஹேமன்ஸுக்கு 1938 நோபல் பரிசு). ஆனா அது ரத்தத்துல ஆக்சிஜன் அழுத்தம் (ஆக்சிமீட்டர் காட்டுற சதவீதம் வேற) 100ல இருந்து 60க்கு இறங்குற வரைக்கும் பெருசா சத்தம் போடாது.

இப்போ அந்தப் பொண்ணுக்கு வருவோம். ஏதோ பயத்துல வேகமா மூச்சு விட ஆரம்பிச்சுது, கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறி வெளிய போயிடுச்சு, ரத்தம் காரத்தன்மையாகி கால்சியம் வேலை செய்யுறது குறைஞ்சு விரல் இழுத்துக்கிச்சு, மூளைக்குப் போற குழாய்கள் சுருங்கி தலை சுத்துச்சு, அதைப் பார்த்து இன்னும் பயம், இன்னும் வேகம். கூட உட்கார்ந்து மூச்சை மெதுவா, நீளமா வெளிய விடச் சொன்னேன், இருபது நிமிஷத்துல விரல் பிரிஞ்சிடுச்சு. ஆனா வீட்ல நீங்களே "இது டென்ஷன்தான்"னு முடிவு பண்ணிடாதீங்க, பேப்பர் கவரை மூக்குல வச்சு ஊதவும் சொல்லாதீங்க. ஆஸ்துமா, ஹார்ட் அட்டாக், நுரையீரல்ல ரத்தக்கட்டி எல்லாமே இப்படித்தான் ஆரம்பிக்கலாம். சுகர் ரொம்ப ஏறி ரத்தம் அமிலமானாலும் முகுளம் ஆழமா வேகமா இழுக்க வைக்கும், அதைப் பதட்டம்னு நினைச்சு வீட்லயே வச்சிருந்து ரொம்ப லேட்டா கொண்டு வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கேன்.

நீச்சல் அடிக்கிற பசங்க தயவுசெஞ்சு இதைப் படிங்க. தண்ணிக்குள்ள ரொம்ப நேரம் இருக்கணும்னு முன்னாடி பத்து இருபது தடவை வேகமா மூச்சு இழுத்து விடுவீங்கல்ல, அதுல ஆக்சிஜன் ஒண்ணும் பெருசா சேராது, கார்பன் டை ஆக்சைடு மட்டும் கீழ போயிடும். மேல வான்னு கூப்பிடுற மணியே கார்பன் டை ஆக்சைடு ஏறுறதுதான், அந்த மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே ஆக்சிஜன் தீர்ந்து மயக்கம் வந்துடும், தண்ணிக்குள்ளயே. நல்லா நீச்சல் தெரிஞ்சவங்கதான் இதுல அதிகமா மாட்டுறாங்க.

மதுவும் தூக்க மாத்திரையும், முக்கியமா மார்ஃபின் வகை வலி மாத்திரையும் இந்த மணியையே மழுங்கடிக்கும், சேர்த்துப் போட்டா இன்னும் மோசம். குறட்டை நடுவுல நின்னு நின்னு வருது, தட்டி எழுப்பினா எழுந்திரிக்கலன்னா "போதையில தூங்குறான்"னு விட்டுட்டுப் போகாதீங்க, உடனே ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க.

பெரியவர் கதை என்னன்னா, அவருக்கு வீட்ல ஆக்சிஜன் நிமிஷத்துக்கு 2 லிட்டர்ல வைக்கச் சொல்லியிருந்தாங்க. மகன் ஆக்சிமீட்டர்ல 89ஐப் பார்த்து பயந்துபோய் 6க்கு ஏத்திட்டார், 98 வந்துச்சு, அப்பாவும் நிம்மதியா தூங்கிட்டார்னு சந்தோஷம். இந்த மாதிரி நோயாளிக்கு பெரும்பாலும் 88ல இருந்து 92 போதும், அதுக்கு மேல தள்ளினா கார்பன் டை ஆக்சைடு உள்ளயே தேங்கி மயக்கத்துல கொண்டுபோய் விடும். காலைல தலைவலி, பகல் முழுக்க தூக்கம், பேச்சுல குழப்பம், கையை நீட்டினா படபடன்னு ஆடுறதுன்னு இருந்தா அதுதான் அறிகுறி, ஆக்சிமீட்டர் அதைக் காட்டவே காட்டாது.

ஆக்சிஜனைக் குறைச்சு, ராத்திரி முழுக்க பைபேப் மாஸ்க் (காத்தை அழுத்தத்தோட உள்ள தள்ளி மூச்சு விட உதவுற முகமூடி) வச்சோம். விடியக்காலம் கண்ணைத் திறந்து தண்ணி கேட்டார். டிஸ்சார்ஜ் அன்னைக்கு மகன் என்கிட்ட ஒரு துண்டு பிளாஸ்திரி வாங்கி, அதுல பேனாவால பெருசா 2ன்னு எழுதி பாக்கெட்ல வச்சுக்கிட்டார், வீட்டு சிலிண்டர்ல ஒட்டுறதுக்கு.