ஹெட்போன் ஏன் இறுக்கிப் பிடிக்கிறது?

விலை குறைந்த ஹெட்போன் வாங்கியவர்கள் வழக்கமாகச் சொல்லும் புகார் இரண்டு. அரை மணி நேரத்தில் காது வலிக்கிறது என்பது ஒன்று. பேஸ் (தாழ்ந்த, கனத்த ஒலி) எடுபடவே இல்லை, பாட்டு சன்னமாகக் கேட்கிறது என்பது இன்னொன்று. வேறு வேறு குறைகள் போலத் தோன்றும் இந்த இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே விசைதான்: இரு பக்கக் கிண்ணங்களையும் தலையோடு சேர்த்து அமுக்கும் ஹெட்பேண்டின் இறுக்கம். ஹெட்போன் கழன்று விழாமல் இருக்கத்தான் அந்த இறுக்கம் என்று பலரும் நினைக்கிறார்கள். பாதிதான் சரி. மீதிப் பாதி, ஒலியை உண்டாக்குவதில் அதற்குள்ள பங்கு. அது புரிந்துவிட்டால் கையில் இருக்கும் பணத்துக்கு எதை வாங்கலாம் என்பதில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கிண்ணத்துக்குள் இருக்கும் டிரைவர் ஒரு குட்டி ஸ்பீக்கர். ஒரு காந்தம், அதன் இடைவெளியில் மெல்லிய கம்பிச்சுருள், சுருளோடு ஒட்டிய பிளாஸ்டிக் சவ்வு. பாட்டின் மின்னோட்டம் சுருளில் மாறி மாறிப் பாயும்போது சவ்வு முன்னும் பின்னும் அசைகிறது. வீட்டு ஸ்பீக்கர் ஓர் அறையின் காற்றையே அசைக்க வேண்டும். இதற்கு, சவ்வுக்கும் செவிப்பறைக்கும் நடுவே அடைபட்ட கொஞ்சம் காற்று போதும். 50 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 50 முறை அதிரும் பேஸ் ஒலியின் அலைநீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர். அவ்வளவு நீள அலை ஒரு கிண்ணத்துக்குள் அடங்காது. உள்ளே நடப்பது வேறு: சவ்வு முன்னே வரும்போது அடைபட்ட காற்று மொத்தமும் ஒரே சமயத்தில் நெருக்கப்படுகிறது, பின்னே போகும்போது தளர்கிறது. அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் செவிப்பறை பேஸாக உணர்கிறது.

இப்போது கிண்ணத்தின் விளிம்பில் இருக்கும் மெத்தைக்கும் (பேட்) கன்னத்துக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 ஹெர்ட்ஸ் ஒலியில் சவ்வு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக 10 மில்லி வினாடி எடுத்துக்கொள்கிறது. நெருக்கப்பட்ட காற்று இடைவெளி வழியாக வெளியேற அது தாராளமான அவகாசம். அழுத்தம் ஏறவே ஏறாது. 5,000 ஹெர்ட்ஸில் அதே பயணத்துக்கு 0.1 மில்லி வினாடிதான். காற்று நகரத் தொடங்கும் முன்பே சவ்வு திரும்பிவிடுகிறது. அதனால்தான் கசியும் ஹெட்போனில் கூர்மையான ஒலிகள் அப்படியே இருக்க, பேஸ் மட்டும் காணாமல் போகிறது.

இதை யாரும் சோதித்துப் பார்க்கலாம். காது முழுவதையும் மூடும் ஹெட்போனை மாட்டி, பேஸ் கிட்டார் நன்றாகக் கேட்கும் ஒரு பாட்டை ஓடவிட்டு, இரண்டு உள்ளங்கையாலும் கிண்ணங்களை லேசாகத் தலையோடு அழுத்துங்கள். பேஸ் குபுக்கென்று கூடினால், அந்த ஹெட்போன் உங்கள் தலையில் சரியாக அடைக்கவில்லை. ஒன்றும் மாறாவிட்டால் நல்ல பொருத்தம். பிறகு வாயைப் பெரிதாகத் திறந்து மூடுங்கள். தாடை அசையும்போது காதுக்குக் கீழே ஒரு பள்ளம் விழும். மட்டமான பேட் அந்த இடத்தில்தான் காற்றை விடும். கடையில் நின்றபடி ஒரு நிமிடத்தில் முடிகிற இந்தச் சோதனை, பெட்டியில் அச்சடித்திருக்கும் எந்த எண்ணையும் விட அதிகம் சொல்லும்.

வலிக்கு வருவோம். ஒரு பக்கக் கிண்ணம் சுமார் 400 கிராம் எடைக்குச் சமமான விசையோடு அழுத்துகிறது என்று எடுத்துக்கொள்வோம். இறுக்கமான ஹெட்போன்களில் இது சாதாரணம். காதைச் சுற்றி உட்காரும் பெரிய பேடின் வளையப் பரப்பு சுமார் 35 சதுர சென்டிமீட்டர் என்றால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 11 கிராம்தான் வருகிறது. காதின் மேலேயே உட்காரும் சின்ன வகையில் கதை வேறு. மேடு பள்ளமான காது மடலில் பேட் உண்மையில் தொடும் இடம் 10 சதுர சென்டிமீட்டர்தான் என்று வைத்தாலும், 40 கிராம் ஆகிவிடுகிறது. தோலின் நுண்ணிய இரத்தக் குழாய்களில் அழுத்தம் சுமார் 32 மில்லிமீட்டர் பாதரசம் என்று மருத்துவப் பாடங்களில் சொல்வார்கள். சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 43 கிராம். அதாவது, சின்ன பேட் காதில் இரத்த ஓட்டத்தையே தடுக்கும் எல்லைக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. போதாக்குறைக்குக் காது மடலில் மெத்தையாகக் கொழுப்பு கிடையாது. குருத்தெலும்பு, அதன் மேல் மெல்லிய தோல், அவ்வளவுதான். வலிக்காமல் என்ன செய்யும்?

காதின் மேல் உட்காரும், அதே சமயம் மூடிய கிண்ணம் கொண்ட வகை குறைந்த பட்ஜெட்டில் மிக மோசமான பேரம் என்பது என் கருத்து. ஒலி கசியாமல் இருக்க நன்றாக அழுத்த வேண்டும். அழுத்துவதோ காது மடலின் மேல். மடித்துப் பையில் போட வசதி என்பதற்காக நிறையப் பேர் இதைத்தான் வாங்குகிறார்கள்.

மதிப்புரைகள் ஒன்றோடொன்று முரண்படுவதற்கும் காரணம் இருக்கிறது. ஹெட்பேண்ட் ஒரு வில். எவ்வளவு விரிக்கிறோமோ அவ்வளவு விசையோடு திருப்பி இழுக்கும். சும்மா இருக்கும்போது இரு கிண்ணங்களுக்கும் நடுவே 5 சென்டிமீட்டர் இடைவெளி உள்ள ஹெட்போனை 14 சென்டிமீட்டர் அகலத் தலைக்காரர் மாட்டினால் வில் 9 சென்டிமீட்டர் விரிகிறது. 16 சென்டிமீட்டர் தலைக்கு 11. இறுக்கம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிட்டது. 'மாட்டியிருப்பதே தெரியவில்லை' என்று ஒருவர் எழுதியது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அவர் தலை சின்னது, அவ்வளவுதான்.

மூக்குக்கண்ணாடி போடுபவர்களுக்கு இரட்டைத் தொல்லை. கண்ணாடியின் பக்கக் கம்பி பேடைத் தூக்கிப் பிடித்துக் காற்று போக வழி செய்கிறது; பேஸ் போய்விடும். தூக்கிப் பிடிக்கும் அந்த மெல்லிய கம்பியின் மேலேயே பேடின் விசை குவிந்து, காதுக்குப் பின்னால் எலும்பை ஒட்டிய தோலில் அழுந்துகிறது. கம்பியைச் சுற்றி வழிந்து மூடும் அளவுக்கு மிருதுவான, தடிமனான பேட் இருந்தால் இரண்டும் குறையும். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஹெட்போனை மாட்டிப் பார்த்து வாங்குவது இவர்களுக்கு வீண் வேலை.

சரி, அடைக்கவே வேண்டாம் என்று முடிவு செய்தால்? 1968இல் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் எச்டி 414 என்ற ஹெட்போனைக் கொண்டுவந்தது. கிண்ணத்தின் பின்பக்கம் திறந்தே இருக்கும். காதில் படுவது மஞ்சள் நிற ஃபோம் ஒன்று மட்டும். காற்று இரு பக்கமும் போய்வரும் என்பதை முதலிலேயே கணக்கில் வைத்து அதற்கேற்ப சவ்வை அமைத்தார்கள். அடைக்க வேண்டிய அவசியம் போனதும் இறுக்கமும் எடையும் சேர்ந்தே குறைந்தன. 1979இல் வந்த சோனி வாக்மேனோடு தந்த ஹெட்போன் 50 கிராம் அளவில்தான் இருந்தது. 1984இல் அமெரிக்காவின் கோஸ் நிறுவனம் வெளியிட்ட போர்ட்டா ப்ரோ இன்னும் ஒரு படி மேலே போய், காதுக்கு மேலே நெற்றிப்பொட்டுப் பக்கம் தனியாக ஒரு மெத்தை வைத்து, அழுத்தத்தில் ஒரு பகுதியைக் காதிலிருந்து மண்டையோட்டுக்கு மாற்றியது. அதே மாடல் இன்றும் விற்பனையில் இருக்கிறது, விலையும் எட்டாத உயரத்தில் இல்லை. அமைதியான அறையில் மணிக்கணக்கில் கேட்பவர்களுக்கு இந்த ஃபோம் வகையை விடச் சுகமானது இந்த விலையில் கிடையாது.

ஆனால் இதை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் எல்லாம் தலைகீழ். உங்கள் பாட்டு பக்கத்து சீட்டுக்காரருக்குக் கேட்கும் என்பது சின்ன விஷயம். வெளிச்சத்தம் தடையின்றி உள்ளே வரும் என்பதுதான் பெரிய விஷயம். ஓடும் வண்டியின் இரைச்சல் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் இருப்பதால் முதலில் பேஸைத்தான் விழுங்குகிறது. கை தானாக வால்யூமைக் கூட்டும். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த பாதுகாப்பு அளவு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாவதால் நேரம் பாதியாகிறது: 83க்கு 20 மணி, 86க்கு 10, 89க்கு வெறும் 5. இரைச்சலை அடைக்காத ஹெட்போனோடு தினமும் பயணம் செய்தால் அந்த 5 மணி நேரம் புதன்கிழமைக்குள் தீர்ந்துவிடும்.

பயணத்துக்கு, குறைந்த பணத்தில், ரப்பர் முனை வைத்த இயர்போனை அடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. காதுக் குழாய்க்குள்ளேயே அடைப்பதால் இதற்கு வில்லும் வேண்டாம், இறுக்கமும் வேண்டாம். அடைக்க வேண்டிய இடமே ஏழெட்டு மில்லிமீட்டர் அகலம்தான். பெட்டியில் மூன்று அளவு முனைகள் தருவார்கள். ஏற்கெனவே மாட்டியிருக்கும் நடு அளவைத் தவிர மற்றதைத் தொடாமலேயே 'பேஸ் இல்லை' என்று தூக்கிப் போடுபவர்கள் ஏராளம். இரண்டு காதும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இடதுக்கு நடுத்தரம், வலதுக்குப் பெரியது என்று போட்டால் தவறில்லை. இதில் உள்ள தொந்தரவு, அடைத்த காதுக்குள் நம் காலடிச் சத்தமும் மெல்லும் சத்தமும் எலும்பு வழியாக வந்து, வெளியேற வழியில்லாமல் பெரிதாகக் கேட்பது. சிலருக்கு அது பழகவே பழகாது. அவர்களுக்குக் காதை முழுவதுமாக மூடும் பெரிய வகைதான் மிச்சம்.

அந்தப் பெரிய வகையில் முதலில் பார்க்க வேண்டியது பேடின் உள்துளை. வயது வந்தவரின் காது மடல் சுமார் 6 சென்டிமீட்டர் உயரம். போகப் போக ஆண்டுக்கு 0.2 மில்லிமீட்டர் வீதம் வளரவும் செய்கிறது. துளை அதைவிடச் சின்னதாக இருந்தால், பெயருக்குத்தான் அது காதைச் சுற்றும் ஹெட்போன். ஆழமும் முக்கியம். காதின் விளிம்பு உள்ளே இருக்கும் துணியில் லேசாக உரசினாலே ஒரு மணி நேரத்தில் அது மட்டும்தான் மனதில் இருக்கும். பேடைக் கட்டைவிரலால் அழுத்தி விடுங்கள். மெதுவாக எழும்பினால் மெமரி ஃபோம். 1966இல் நாசாவின் ஒப்பந்தத்தில் விமான இருக்கைகளுக்காக சார்லஸ் யோஸ்ட் உருவாக்கியது. உடல் சூட்டில் இளகி முகத்தின் வளைவுக்கு ஏற்பப் படிவதால், குறைந்த இறுக்கத்திலேயே நன்றாக அடைக்கும். சட்டென்று எகிறினால் சாதாரண ஃபோம்.

மேலுறை பெரும்பாலும் ரெக்சின். காற்றுப் புகாததால் பேஸுக்கு நல்லது. வியர்வை ஆவியாக முடியாததால் காதுக்குக் கெட்டது. துணி உறை குளுமையாக இருக்கும், ஆனால் அதன் கண்கள் வழியே கொஞ்சம் பேஸ் கசியும். பாலியூரித்தேன் ரெக்சினுக்கு ஈரமே எமன்: ஈரப்பதமும் வியர்வையும் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை வெட்ட, கறுப்புத் துணுக்குகளாக உரிந்து கன்னத்தில் ஒட்டும். அதனால் பேடைத் தனியாகக் கழற்றி மாற்ற முடியுமா என்று கேட்டு வாங்குங்கள். பசை போட்டு ஒட்டியிருந்தால், நன்றாகப் பாடும் டிரைவரோடு சேர்த்து மொத்தத்தையும் ஒருநாள் எறிய வேண்டிவரும்.

ஒரே விலையில் வயர் உள்ளதும் புளூடூத் உள்ளதும் இருந்தால், வயர் உள்ளதில் பணம் டிரைவருக்கும் பேடுக்கும் போயிருக்க வாய்ப்பு அதிகம். மற்றதில் பேட்டரி, சிப், ஆம்ப்ளிஃபையர், மைக் எல்லாம் பங்கு கேட்கும், எடையும் ஏறும். உச்சந்தலையில் அந்த எடையைத் தாங்குவது ஹெட்பேண்டின் ஒரு சின்னப் பகுதி மட்டுமே என்பதால் 300 கிராமைத் தாண்டும் எதையும் நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். வெளி இரைச்சலை எதிர் ஒலியால் குறைக்கும் மலிவான நாய்ஸ் கேன்சலிங்குக்கும் ஏமாற வேண்டாம். பேட் கசிந்தால் அதுவும் சரியாக வேலை செய்யாது.

பெட்டியில் உள்ள எண்களில், வயர் வகைக்கு மின்தடை 16 முதல் 32 ஓம் இருந்தால் போன் தாராளமாக ஓட்டும். சென்சிட்டிவிட்டி, அதாவது ஒரு மில்லிவாட் மின்திறனுக்குத் தரும் ஒலி, 100 டெசிபல் அருகில் இருந்தால் வால்யூம் போதும். '20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்' என்பதை, எத்தனை டெசிபல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று சொல்லாதவரை, படிக்காமலே விடலாம்.

வாங்கிய பிறகு இறுக்கம் கொஞ்சம் அதிகம் என்று பட்டால், ஹெட்பேண்டுக்குள் உலோகத் தகடு இருக்கும் பட்சத்தில் ஒரு வழி உண்டு. தலையை விடச் சற்றே அகலமாகப் புத்தகங்களை அடுக்கி, அதன் மேல் ஹெட்போனை ஓர் இரவு மாட்டி வையுங்கள். காலையில் உள்ளங்கைச் சோதனையை மறுபடி செய்து பாருங்கள். பேஸ் குறையத் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். வெறும் பிளாஸ்டிக் பட்டை என்றால் இந்த வேலை வேண்டாம், கீல் பக்கம் விரிசல் விட்டுவிடும்.