‘இப்போதைக்கு உனக்குத்தான்’: சீட் ஒதுக்கும் கணக்கு

ஆட்டக் கோட்பாடு (ஒருவர் முடிவு மற்றவர் முடிவைச் சார்ந்திருக்கும் சூழல்களை ஆராயும் துறை) படித்த பொருளியலாளருக்கு என்னதான் வேலை என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஏல விதிகளை வகுப்பது எல்லோரும் அறிந்த வேலை. அதைவிட அழகானது, விலையே இல்லாத சந்தைக்கு விதி எழுதுவது. பள்ளி சீட்டையோ மாற்றுச் சிறுநீரகத்தையோ அதிகப் பணம் தருபவருக்குக் கொடுத்துவிட முடியாது. யாருக்கு எது என்பதை விதிதான் தீர்மானிக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. க, ச, ப என மூன்று பள்ளிகள், தலா ஓர் இடம். மாணவர்கள் மூவர். அன்பு, பானு இருவரின் விருப்ப வரிசையும் க, ச, ப. செல்விக்கு ச, ப, க. முன்னுரிமைப் பட்டியலில் ‘க’ பள்ளிக்குப் பானுவைவிட அன்பு மேலே. ‘ச’ பள்ளிக்குச் செல்வியைவிடப் பானு மேலே.

முதல் விருப்பங்களைப் பார்த்து அப்போதே சேர்க்கையை முடித்துவிட்டால்? ‘க’ அன்புக்கு, ‘ச’ செல்விக்கு. பானு ‘ச’ பள்ளிக்கு வரும்போது இடம் போய்விட்டது; தனக்குப் பின்னால் இருப்பவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார். ‘ச’வை முதலில் எழுதியிருந்தால் கிடைத்திருக்கும். மனத்தில் உள்ளதை எழுதியதற்குத் தண்டனை! பாஸ்டன் நகரப் பள்ளிகள் 2005-ல் கைவிட்டது இந்த முறையைத்தான்.

கணிதவியலாளர்கள் டேவிட் கேலும் லாயிட் ஷாப்லியும் 1962-ல் சொன்ன திருத்தம் ஒன்றே ஒன்று: யாரையும் உடனே உறுதி செய்யாதே, பிடித்து மட்டும் வை. முதல் சுற்றில் ‘க’ அன்பைப் பிடித்துக்கொண்டு பானுவை அனுப்பிவிடுகிறது. ‘ச’ செல்வியைப் பிடித்து வைக்கிறது. இரண்டாம் சுற்றில் பானு ‘ச’வின் கதவைத் தட்டுகிறார். முன்னுரிமை அவருக்கு என்பதால் செல்வியை விட்டுவிடுகிறது. மூன்றாம் சுற்றில் செல்வி ‘ப’வுக்குப் போகிறார். தள்ளப்படுபவர் எவரும் இல்லாதபோதுதான் எல்லாம் உறுதியாகிறது. தாமதமாக வந்ததால் பானு எதையும் இழக்கவில்லை. பள்ளியும் மாணவரும் தனியே பேசி ஒதுக்கீட்டை மாற்றிக்கொள்ள வழியில்லை. விண்ணப்பிப்பது மாணவர் தரப்பு என்பதால் அவர்கள் பொய் வரிசை எழுதியும் பயனில்லை.

கேலும் ஷாப்லியும் இதை எழுதியது சில பக்கங்களே கொண்ட ஒரு கணிதக் கட்டுரையில். அமெரிக்காவில் 1950-களிலிருந்து பயிற்சி மருத்துவர்களை மருத்துவமனைகளுக்கு ஒதுக்கிவந்த முறையும் அடிப்படையில் இதேதான் என்று பொருளியலாளர் ஆல்வின் ராத் 1984-ல் காட்டினார். 2012-ல் ராத்துக்கும் ஷாப்லிக்கும் பொருளியல் நோபல் பரிசு. நிதி கேட்டு வரும் ஒவ்வோர் ஆய்வாளரிடமும் ‘இதனால் உடனே என்ன பயன்?’ என்று கேட்பது தவறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இந்த முறை திணறும் இடம், தம்பதிகள். கணவன், மனைவி இருவரும் மருத்துவர்கள். ‘ம’, ‘ந’ என இரண்டு மருத்துவமனைகள், தலா ஓர் இடம். ‘ம’வில் கணவன், ‘ந’வில் மனைவி என்று சேர்ந்தே இடம் வேண்டும், இல்லையேல் வேண்டாம். மூன்றாமவர் ஒருவருக்கு முதலில் ‘ம’, அடுத்து ‘ந’. ‘ம’ மூன்றாமவரைவிடக் கணவனை விரும்புகிறது, ‘ந’ மனைவியைவிட மூன்றாமவரை. தம்பதிக்குக் கொடுத்தால் ‘ந’வும் மூன்றாமவரும் சேர்ந்து அதைக் கலைப்பார்கள். மூன்றாமவருக்கு ‘ந’வைக் கொடுத்தால் காலியாக இருக்கும் ‘ம’வுக்கு அவர் தாவுவார். ‘ம’வையே கொடுத்தாலோ தம்பதி வந்து தள்ளுவார்கள். நிலைத்த விடையே கிடையாது. அமெரிக்க மருத்துவர் ஒதுக்கீட்டில் 1998 முதல் நடைமுறைக்கு வந்த, ராத்தும் எலியட் பெரன்சனும் வகுத்த கணக்கு, தம்பதிகளைச் சேர்க்கும்போது கலையும் பொருத்தங்களை ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டே போகிறது. விடை கிடைத்தே தீரும் என்ற உத்தரவாதம் அதற்கும் இல்லை, நடைமுறையில் கிடைத்துவிடுகிறது.